கால்மாட்டு விளக்குகள்

அண்ணனூர் ஸ்டேஷனுக்குப் பின்னால் குடியிருந்த தாட்சாயிணிக்கு ஈயம் பற்றவைப்பதுதான் தொழில். பத்தாவது முடித்த கையோடு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தவள். குளிர்பெட்டிகளுக்குச் சூடு பார்த்துச் சொல்லும் சின்னச் சின்ன போர்டுகள் அங்கே தயாராகும். அளவுக்குள் இருந்தால் பச்சை எரியும், தாண்டினால் சிவப்பு. கம்பெனியை ஒருநாள் பாண்டிச்சேரிக்கு மாற்றிக்கொண்டு போனார்கள். கூட வேலை பார்த்த பெண்கள் துணி தைக்கும் எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்குப் போய்விட, தாட்சாயிணி மட்டும் வாசல் அறையில் ஒரு மேசையைப் போட்டு ஸ்டெபிலைசரும் டேப் ரிக்கார்டரும் ரிப்பேர் பார்க்க உட்கார்ந்தாள். பாடியில் லேத் ஓட்டிக்கொண்டிருந்த அவள் கணவன் லட்சுமணன், "உனக்குத் தெரிஞ்சத நீ செய், எவன் இன்னா சொன்னா இன்னா" என்று சொல்லிவிட்டான்.

தொண்ணூற்றேழாம் வருஷம் கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், கரையான்சாவடி சம்பத் ஸ்கூட்டரில் வந்து நின்றார். பந்தலும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிறவர். பிணத்தை வைக்கும் ஐஸ் பெட்டி ஒன்றும் அப்போதுதான் வாங்கியிருந்தார். அந்தப் பக்கத்தில் அது புதுசு.

"யம்மா, ஆவடி வரைக்கும் வந்துட்டுப் போ. பெட்டில லைட்டு மாத்தி மாத்தி எரியுது. ஒரு நேரம் பச்ச, ஒரு நேரம் செவப்பு. சாவு ஊட்டுல எல்லாரும் பயந்துகினு கீறாங்க."

வேறு பெட்டி கிடையாதா என்று கேட்டாள். புரசைவாக்கத்துக்காரனிடம் கேட்டாகிவிட்டது, அவனுடையதும் எங்கோ போயிருக்கிறது என்றார்.

இறந்தவர் வேதமுத்து. பணி ஓய்வு பெற்ற ஃபிட்டர். முந்தின நாள் சாயங்காலம் மாரடைப்பு. மகள் சகாயமேரி பம்பாயில் நர்ஸ். தகவல் போய்ச் சேர்ந்து ரயில் ஏறிவிட்டாள், மறுநாள்தான் வந்து சேர முடியும். அதற்காகத்தான் பெட்டி. அவள் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து ஆவடி வீட்டில் பெற்றோரோடு இருந்த அண்ணன் பால்ராஜ் அவளோடு பேசுவதில்லை என்பதையும் சம்பத் வழியிலேயே சொல்லி முடித்தார்.

பந்தலில் பெண்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். வேதமுத்துவின் மனைவி ஆரோக்கியம்மாள் பெட்டியின் கண்ணாடி மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். போர்டு கால்மாட்டில் இருந்தது. தாட்சாயிணி செருப்பைக் கழற்றிவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மண்டியிட்டாள். கண்ணுக்கு நேரே இறந்தவரின் பாதங்கள். வெள்ளை சாக்ஸ் போட்டிருந்தார்கள். ஒருகணம் அவள் கண்ணை மூடிக் கும்பிட்டாள். பிறகு திருப்புளியை எடுத்தாள்.

மூடியைக் கழற்றியதும் முதலில் விளக்குகளைப் பார்த்தாள். இரண்டும் நல்ல விளக்குகள்தான். பேட்டரி வைத்ததும் பளிச்சென்று எரிந்தன. அடுத்து, சூட்டை அளக்கப் பெட்டிக்குள் போகும் உணரி. மிளகு அளவு இருக்கும், குளிர்ந்தால் மின்சாரத்தை அதிகம் தடுக்கும். ஒரு டம்ளரில் ஐஸ் தண்ணீர் கேட்டு வாங்கி அதில் உணரியை முக்கி மீட்டரைப் பார்த்தாள். அதுவும் சரியாகத்தான் இருந்தது. மிச்சம் இருந்தது, அந்த ஒயர் போர்டில் சேரும் இடம். உணரியை மறுபடி பெட்டிக்குள் விட்டு, அந்த இடத்தை நகத்தால் மெல்ல அழுத்தினாள். சிவப்பு. விட்டாள். பச்சை. மறுபடி அழுத்தினாள். சிவப்பு.

ஈயம் பிடிக்காமல் விட்டுப்போயிருந்தது. மோட்டார் அதிரும்போதெல்லாம் அந்த இணைப்பு விட்டு விட்டுச் சேர்ந்தது. விட்டுப்போகிற நேரத்தில், தடை ஏகத்துக்கும் இருப்பதாக நினைத்துக்கொண்டு, உள்ளே நல்ல குளிர் என்று போர்டு பச்சையைக் காட்டும். அப்படியென்றால் இரவிலிருந்து எரிந்த பச்சையெல்லாம் பொய். இடையிடையே வந்துபோன சிவப்புதான் உண்மை.

பழைய ஈயத்தை எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவைத்தாள். உணரியை மறுபடி ஐஸ் தண்ணீரில் வைத்தபோது பச்சை அசையாமல் நின்றது. உணரியைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தாள். சற்று நேரத்தில் பச்சை அணைந்து சிவப்பு வந்தது. வந்தது வந்ததுதான், போகவில்லை. பின்பக்கம் குனிந்து பார்த்தாள். செப்புக் குழாய் வளைவில் எண்ணெய் கசிந்திருந்தது. குளிர வைக்கும் கேஸ் இறங்கிக்கொண்டிருக்கிறது. அது அவளுக்குத் தெரிந்த வேலை இல்லை. அதற்கு ஆள் வந்து, பெட்டியைக் காலிசெய்து, ஒரு முழு நாள் பார்க்கவேண்டும்.

சம்பத் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து காதோரம் பேசினார். "அந்தச் செவப்பு ஒயர மட்டும் கட் பண்ணி வுட்டுடும்மா. பச்ச எரிஞ்சா ஜனம் அமைதியாயிடும். நாளைக்கு வரைக்கும் எப்டியோ ஓட்டிர்லாம்."

"உள்ள குளிரே இல்லண்ணா."

"எனக்குத் தெரியாதா? என் பேரு கெட்டுடும்மா."

மாதத்தில் பாதி வேலை அவர் மூலமாகத்தான் அவளுக்கு வருகிறது. ஒயர் வெட்டும் கத்தரி கைக்கு எட்டும் தூரத்தில்தான் கிடந்தது. அவள் அந்தப் பாதங்களைப் பார்த்தாள். பிறகு எழுந்து தலைமாட்டுக்குப் போய் ஆரோக்கியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா, லைட்டு இப்ப சரியாயிடுச்சு. அது சொல்றது நெசம். பெட்டி குளிரல. ராத்திரிலேர்ந்தே குளிரல."

ஆரோக்கியம்மாள் அவளை நிமிர்ந்து பார்த்தார். "என் பொண்ணு வர்ற வரைக்கும் தாங்காதா?"

"தாங்காதும்மா."

ஐஸ் பாளம் கொண்டுவரலாம் என்று யாரோ சொன்னார்கள். ஆரோக்கியம்மாள் கண்ணாடியைத் தள்ளச் சொன்னார். கணவனின் கன்னத்தில் உள்ளங்கையை வைத்தார். வெகுநேரம் வைத்திருந்தார். பிறகு மூத்த மகனைக் கூப்பிட்டார்.

"பால்ராஜு, சாயங்காலமே எடுத்துருங்கடா."

"மேரி வந்துக்கினு கீறாளேம்மா," என்றான் பால்ராஜ். தங்கை பெயர் அவன் வாயில் வந்ததும் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தவர்கள்கூட ஒரு நொடி நிறுத்தினார்கள்.

"இந்த மொகத்த அவ பாக்க வேணாம்."

தாட்சாயிணி அடக்கத்துக்கு நிற்கவில்லை. பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து, குளித்துவிட்டு, சாப்பிடாமல் படுத்தாள். சம்பத் அதன்பிறகு ரொம்ப நாள் அந்தப் பக்கமே வரவில்லை. லட்சுமணன் ஒருநாள், "நான் செத்தாலும் உண்மையத்தான் சொல்லுவியா?" என்று விளையாட்டாகக் கேட்டுவிட்டு, அவள் முகத்தைப் பார்த்துப் பேச்சை மாற்றினான்.

அடக்கம் முடிந்த வாரத்திலேயே ஒரு காலையில் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். கண்கள் வீங்கியிருந்தன. "பெட்டி ரிப்பேர் பாத்தது நீங்களாக்கா? நான் வேதமுத்து பொண்ணு."

தாட்சாயிணி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். சகாயமேரி உட்காரவில்லை.

"எங்க அண்ணன் சொல்லித்தான் பெட்டி கெட்டுப்போச்சுன்னு சொன்னீங்களா? நான் அப்பா மொகத்தப் பாக்கக்கூடாதுன்னு அவரு பண்ண வேலையா?"

"இல்லம்மா. உங்கண்ணன் எங்கிட்ட ஒரு வார்த்த பேசல. நீ வந்துக்கினு கீறேன்னு அவருதான் சொன்னாரு. கன்னத்துல கைய வெச்சுப் பாத்து எடுக்கச் சொன்னது உங்கம்மா."

"மேரின்னு சொன்னாரா?"

"சொன்னாரு. எல்லார் எதிர்லயும்."

சகாயமேரி அப்போதுதான் உட்கார்ந்தாள். வாய்விட்டு அழுதாள். தாட்சாயிணி தடுக்கவில்லை. மேசைமேல் இருந்த சாமான்களை ஓரம் தள்ளி, தண்ணீர்ச் சொம்பை அவள் பக்கத்தில் வைத்தாள்.

"அப்பா எப்டி இருந்தாருக்கா?"

பொய் சொல்ல ஆயிரம் வார்த்தை இருந்தது. "நான் கால்மாட்டுலதான் வேல பாத்தேன்மா. தலமாட்டுல உக்காந்தப்பவும் உங்கம்மாவயேதான் பாத்தேன், அவரு மொகத்தப் பாக்கல. கால்ல வெள்ள சாக்ஸ் போட்டு, சுருக்கம் இல்லாம இழுத்து வுட்டிருந்தாங்க. நான் கும்பிட்டுட்டுத்தான் கை வெச்சேன்."

அழுது ஓய்ந்ததும் இருவரும் ஸ்டேஷனுக்கு நடந்தார்கள். சென்ட்ரலுக்குப் போய் அன்றைக்கே பம்பாய்க்கு வண்டி ஏறுவதாகத்தான் சகாயமேரி வந்தபோது இருந்தாள், துணிப்பெட்டிகூடக் கையில் இருந்தது. டிக்கெட் கொடுக்கும் ஜன்னலில் குனிந்து, "ஆவடி ஒண்ணு," என்றாள்.