பத்து விரலும்

அந்தப் பேச்சு அம்சத்துக்கு இன்றும் வரிசை மாறாமல் நினைவிருக்கிறது. குறுவைக்குக் களையெடுக்கும் நேரம். தபால்காரர் கொடுத்துவிட்டுப் போன செய்தியை அம்மாவிடம் சொல்வதற்காகவே அன்று அவள் வயலுக்குச் சோறு எடுத்துப் போனாள். சென்னையில் வேலை கிடைத்துவிட்டது. அமெரிக்கப் பங்குத் தரகுக் கம்பெனி ஒன்றுக்குக் கணக்கு பார்க்கும் அலுவலகம். வரப்பில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த காளியம்மாள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். சேருவதற்கு முன்னால் கைரேகை கொடுக்க வேண்டும் என்றபோதும் தலையாட்டினாள். பங்கு வியாபாரம் என்றால் நேரம் காலம் பார்க்காமல் முடியுமா, வலது கையைப் பார்ப்பார்களா, இடது கையையா என்று கேட்டாள்.

ஜோசியம் இல்லை என்று அம்சம் சிரித்தாள். அந்த நாட்டில் அப்படி ஒரு சட்டம். அடுத்தவர்களின் பங்குப் பத்திரங்களும் அவற்றின் கணக்கும் யார் கையில் புழங்குகின்றனவோ அவர்கள் விரல் ரேகையைப் பதிந்து கொடுக்க வேண்டும். இதற்கு முன் திருட்டு, மோசடி என்று எதிலாவது மாட்டியவர்களா என்று பார்ப்பார்கள். கம்பெனியில் மேலே இருப்பவர்களும் கொடுத்தவர்கள்தாம். திருவாரூர் போலீஸ் ஆபீசில் மை தடவி எடுத்துக் கொடுப்பார்களாம்.

பிசைந்துகொண்டிருந்த கை நின்றது.

"எத்தன வெரலு?"

"பத்து வெரலும்தாம்மா."

"வேணாம் பாப்பா. அந்த வேல நமக்கு வேணாம்."

அவ்வளவுதான். மீதிச் சோற்றைத் தூக்குவாளியில் போட்டு மூடிவிட்டு, வாய்க்காலில் கையைக் கழுவிக்கொண்டு, காளியம்மாள் திரும்ப வயலுக்குள் இறங்கிவிட்டாள்.

ஏன் என்று அம்சம் கேட்கவில்லை. அந்தக் கதை தெருவுக்கே தெரியும். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு அறுவடையை நிறுத்திய வருஷம் அது. மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை அறுப்புக்கு இறக்கியபோது வரப்பில் குறுக்கே படுத்த பெண்களில் காளியம்மாளும் ஒருத்தி. கல்யாணம் நிச்சயமாகியிருந்த பெண். ஸ்டேஷனில் அத்தனை பேருக்கும் விரல் விரலாக மை தடவி உருட்டினார்கள். வீட்டுக்கு வரும்போது கைகளை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு எல்லோருக்கும் பின்னால் நடந்து வந்தவள், சேற்றையும் சாம்பலையும் போட்டுத் தோல் உரியத் தேய்த்தாள். பெருவிரலை மட்டும் வைத்தால் கைநாட்டு, பத்து விரலும் வைத்தால் கேடி. ஊருக்குத் தெரிந்தது அதுதான். மாப்பிள்ளை வீட்டார் தாம்பூலத்தைத் திருப்பி அனுப்பினார்கள். நடவுக்குப் போன இடத்தில் 'பத்துவெரலு' என்று பெயர் வைத்தார்கள். அடுத்த ஆட்சி வந்ததும் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பெயரை யாரும் திரும்பப் பெறவில்லை.

அதே போராட்டத்தில் உள்ளே போயிருந்த முருகையன் தானே வந்து பெண் கேட்டார். பத்து விரல் வைத்த பெண் என்று யாரோ நினைவூட்டியபோது, "எனக்கும்தான் வச்சாங்க. ரெண்டு பேருக்குமா இருவதாச்சு, போதுமா?" என்றாராம். அம்சம் பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் அப்பா இறந்துவிட்டார்.

ஸ்டேஷனில் ரேகை வைத்த பிறகு காளியம்மாள் கைநாட்டு மையைத் தொட்டதே இல்லை. மனைப்பட்டா கொடுக்க வந்த தாசில்தார் ஆபீஸ்காரர் மைப்பெட்டியைத் தள்ளினார். நாற்று முடிகளுக்கு நடுவே சேற்றில் எழுதி எழுதிப் பழகியிருந்த தன் பெயரைப் பேனா வாங்கி எழுதிக் கொடுத்தாள் அவள்.

ஆகவே வெட்கம்தான் காரணம் என்று அம்சம் நினைத்திருந்தாள். சேர வேண்டிய நாள் நெருங்கியது. வரவில்லை என்று கம்பெனிக்கு எழுதிவிடலாமா என்றுகூட யோசித்தாள். அப்போது ஒரு சாயங்காலம், பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவளின் கையைக் காளியம்மாள் பிடித்துத் திருப்பி, தன் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"ஒங் கை அப்புடியே எங் கைன்னுதானே எல்லாரும் சொல்லுறாங்க. என் ரேக அங்கதான் கெடக்கு. நீ வச்சதும், இது அந்தக் கேடியோடதுன்னு சொல்லிட்டா? வேலையும் போயி, ஒம் பேரும் போயிடும்."

அம்சம் இரண்டு பேரின் பெருவிரல்களையும் சேர்த்து வைத்துக் காட்டினாள். ரேகை ஆளுக்கு ஆள் வேறு, தாய்க்கும் மகளுக்கும்கூட ஒன்றாக இருக்காது என்று விளக்கினாள். காளியம்மாள் நம்பவில்லை. "நீ சொல்லுவே. போலீசு சொல்லணும்," என்றாள்.

மறுநாள் இருவரும் திருவாரூருக்கு பஸ் ஏறினார்கள். ரேகை எடுக்கும் ஹமீதா பானு, காக்கிச் சட்டை போட்ட, பேச்சில் நிதானமான பெண். அவரைப் பார்த்ததும் காளியம்மாள் சுவரோரமாக ஒதுங்கி நின்றாள். அம்சத்தின் விரல்களில் பாதி அட்டையில் பதிந்த பிறகுதான் வாயைத் திறந்து, மனதில் இருந்ததைக் கேட்டாள்.

ஹமீதா பானு சிரிக்கவில்லை. "ரெட்டைப் புள்ளைங்களுக்கே ஒத்துப்போவாதும்மா," என்றவர், ஒரு விரலை வைத்தால் பக்கத்தில் வைத்தே காட்டுவதாகச் சொல்லி மைப்பலகையை நகர்த்தினார். காளியம்மாளின் கைகள் முந்தானைக்குள் போய்விட்டன.

பலகை திரும்பிப் போனது. "மை வேணாம். சும்மா நீட்டுங்க."

கொஞ்ச நேரம் கழித்து வலது பெருவிரல் மட்டும் வெளியே வந்தது. ஹமீதா பானு பூதக்கண்ணாடியை முதலில் அந்த விரல்மேலும், பிறகு அட்டைமேலும் பிடித்தார். காளியம்மாளையே குனிந்து பார்க்கச் சொன்னார். "பொண்ணுக்கு வளைஞ்சு திரும்புது பாருங்க. ஒங்களுது சுழி."

"நான் சுழிதான். எங்கம்மாவே சொல்லும்," என்றாள் காளியம்மாள். மைபட்ட விரல்களை விரித்துப் பிடித்தபடி அம்சம் சிரித்துவிட்டாள்.

கூலி கேட்ட போராட்டத்தில் வைத்த ரேகை, வழக்கை வாபஸ் வாங்கிய பிறகும் இங்கே கிடக்குமா என்று காளியம்மாள் கேட்டாள். வாபசான வழக்குக்கு இவ்வளவு காலம் வைத்திருக்க மாட்டார்கள் என்றார் ஹமீதா பானு. அப்படியே இருந்தாலும் கூலி கேட்டது திருட்டில்லையே என்றும் சொன்னார். காளியம்மாள் தலையை நிமிர்த்தினாள். முந்தானையை உதறித் தோளில் போட்டுக்கொண்டாள்.

வெளியே குழாயடியில் சோப்பு வைத்திருந்தார்கள். அம்சம் குழாயைத் திறக்கப் போனபோது அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"கழுவாத பாப்பா. இப்புடியே ஊருக்கு வா. பஸ்ஸ விட்டு எறங்குனதும் கைய வீசிக்கிட்டு எனக்கு முன்னால நட. யாராச்சும் கேட்டா நான் சொல்லிக்கிறேன்."