வடிவேல் போட்ட படிக்கல்

பர்மாவில் லாரி ஓட்டும் வடிவேலுக்குத் தெய்வ பக்தி அதிகம். பிரேக் சரியில்லாத வண்டியில் ஷான் மலையிலிருந்து இறங்குகிறவருக்கு வேறு வழியும் இல்லை. 1996-இல் அவர் மனைவி கௌசல்யாவுக்கு விஷக்காய்ச்சல் வந்து, அம்மன் புண்ணியத்தில் தெளிந்தது. ரங்கூன் தாகேதா அம்மன் கோயில் வாசலுக்குப் படிக்கல் போடுகிறேன், கும்பிட வருகிறவர்கள் காலெல்லாம் அதில் பட வேண்டும் என்று வேண்டியிருந்தார். ஆடி முதல் நாளுக்குள் செய்து முடிக்க வேண்டும்.

மலைச்சரிவில் பெயர்ந்து கிடந்த பலகைக் கல் ஒன்றை உருளைக்கிழங்கு மூட்டைகளோடு ஏற்றி வந்து கோயிலில் இறக்கினார். கழுவிப் பார்த்தால், ஒரு பக்கம் முழுக்க மரவட்டை மாதிரி பூச்சிகள், கல்லோடு கல்லாக.

கோயில் தலைவர் பொன்னுத்துரை குனிந்து பார்த்தார். கல் விஷயத்தில் அவர் பெரிய ஞானி. மோதிரத்திலேயே மூன்று கல் வைத்திருக்கிறார்.

“ஏம்ப்பா, உயிர் இருந்த கல்லு கோயிலுக்கு ஆகாதுன்னு தெரியாதா? ஒரு தேரை இருந்தாலே தோஷம். நீ குடும்பத்தையே கூட்டியாந்திருக்க.”

“கழுவுனப்ப ஒண்ணும் கடிக்கலீங்களே, தலைவரே.”

“தூக்கு, தூக்கு.”

கல் வடிவேல் வீட்டு வாசலுக்குப் போனது. பக்கத்து வீட்டு டோ சான் இ, கல்லூரியில் நிலவியல் நடத்துகிற பர்மியப் பெண்மணி, தெருவுக்கே ‘சயாமா’, அதாவது டீச்சர், அதைப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இது கேம்பிரியன் காலத்துக் கல், அப்போது அந்த மலையே கடலடி மணல், இவை ஐம்பது கோடி வருஷத்துக்கு முந்திய கடல் பிராணிகள், டிரைலோபைட் என்று பேர் என்றார்.

செய்தி கோயிலுக்கும் போனது. ஐம்பது கோடி வருஷம் ஆனால் தோஷம் தானாகக் கழிந்துவிடும் போலிருக்கிறது. மறுநாளே தலைவர் வந்தார்.

“கண்ணாடிப் பெட்டிக்குச் சொல்லிட்டேன், வடிவேலு. உபயம்னு நம்ம ரெண்டு பேர் பேரையும் போட்டுருவோம். என் பேரு கொஞ்சம் நீளம், அதனால மேல.”

“பெட்டிக்குள்ள வச்சா யாரு கால் படும்? அம்மாகிட்ட நான் படிக்கல்லுன்னுல்ல சொன்னேன்.”

“அம்மா ஒண்ணும் நினைச்சுக்க மாட்டா.”

“உங்ககிட்ட சொன்னாளா?”

தலைவர் குனிந்து, பெட்டிக்காகக் கல்லை முழம் போட்டு அளந்தார்.

ஆடி முதல் நாள், தலைவர் குளித்துப் பட்டை போட்டு வருவதற்குள், வடிவேல் கல்லைக் கொண்டுபோய் வாசலில் மணல் பரப்பி, பூச்சிப் பக்கம் கீழே போகக் குப்புறப் போட்டுவிட்டார். மேல்பக்கம் வழுவழுவென்று, பாவம் ஒன்றும் அறியாத கல்லாக இருந்தது.

டோ சான் இக்குத்தான் மனசு ஆறவில்லை. “மறைச்சுட்டீங்களே, கோ வடிவேல்” என்றார், ‘அண்ணன்’ என்பதற்குப் பர்மியர் சொல்லும் ‘கோ’ போட்டு.

“இத்தனை கோடி வருஷம் மண்ணுல முகம் பதிச்சுத்தானே கிடந்துச்சு, சயாமா. பழகின இடம்தான்.”

முதலில் கௌசல்யா ஏறினாள். நடை இன்னும் தள்ளாட்டம்தான். படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அடுத்துத் தலைவர் வந்தார். தோஷமுள்ள கல்லா, விசேஷமான கல்லா என்று முடிவு செய்ய முடியாமல், வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாண்டிக் குதித்தார்.