நாற்பத்து மூன்று வயதில் வாலிபர் சங்கம்

எங்கள் ஏரிக்கரைச் சபையில் வாலிபர் என்பதற்கு வயது வரம்பே கிடையாது. கல்யாணம் ஆகாதவர்கள் எல்லாரும் வாலிபர்தான். பதினெட்டு வயதில் கட்டிக்கொண்டு போனவள் மறு ஞாயிறே கொண்டை போட்டு மாதர் சங்கத்தில் வந்து உட்காரலாம். நாற்பத்து மூன்று வயது தியார்மாவோ தன் தங்கை மகளோடு ஒரே பெஞ்சில், அதே நிறப் பனியனில் உட்கார வேண்டும். இந்த வருடப் பனியன் ஆரஞ்சு. முதுகில் ‘இளமையில் மகிழ்ந்திரு’ என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். யார் தேர்ந்தெடுத்த வாசகமோ, அந்த ஆளைக் கண்டால் நாலு வார்த்தை கேட்பேன்.

தியார்மாவும் நானும் ஒரே நாளில் திடப்படுத்தல் எடுத்துச் சபையில் முழு அங்கத்தினர் ஆனவர்கள். ஊரே என்னை என் பிள்ளை பெயரைச் சொல்லிப் பாருலியான் அம்மா என்று கூப்பிடுகிறது. தோர்லான் என்ற என் பெயரைச் சொல்லிக் கூப்பிட இன்று மிச்சம் இருப்பவள் அவள் ஒருத்திதான். அந்த நாளில் அவள் சிரித்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். கள்ளுக்கடையில் பையன்கள் கிட்டார் வைத்துப் பாடுவார்கள். இவள் எதிர்ச்சாரியில் மீன் பேரம் பேசிக்கொண்டே அதற்கு இரண்டாம் குரல் கொடுப்பாள்.

இருபது வயதில் அவளை வாலிபர் சங்கத் தலைவியாக்கினார்கள். அவள் அப்பா சபை மூப்பர். போதகர் அன்று, இளமையைச் சந்தோஷமாக அனுபவியுங்கள், ஆனால் பொறுப்போடு இருங்கள் என்று பிரசங்கம் பண்ணினார். அந்தச் சந்தோஷம் எங்களுக்கு வந்தது, பொறுப்பு முழுக்க அவளுக்குப் போனது. ஏரி நடுவில் இருக்கும் சமோசிர் தீவுக்குச் சுற்றுலா போனால் நாங்கள் ஏரியில் விழுந்து கும்மாளம் போடுவோம். அவள் கரையில் எங்கள் செருப்புகளுக்குக் காவல் இருப்பாள்.

படகில் வேலை பார்த்த சாவோர் என்ற பையனுக்கு அவள்மேல் உயிர். அவளுக்கும்தான். தம்பி தங்கைகள் படித்து முடிக்கட்டும் என்று அவள் அப்பா இழுத்துக்கொண்டே போனார். எங்கள் ஊரில் அப்படி இழுத்தால் பையன் பெண்ணைக் கூட்டிக்கொண்டு தன் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடுவான். சபை அவர்கள் பெயரைப் பீடத்திலிருந்து வாசித்து விலக்கி வைக்கும். பிறகு இருவரும் முன்னால் வந்து நின்று தப்பை அறிக்கை செய்தால் சேர்த்துக்கொள்ளும். சாவோரும் அதைத்தான் கேட்டான். ஒருநாள் மீன் செதில் உரசிக்கொண்டே அவள் என்னிடம் அதைச் சொன்னாள்.

“வா, போயிடலாம்னான். ஒரு வருஷம் திட்டுவாங்க, அப்புறம் அவங்களே பன்னி அடிச்சு விருந்து வெப்பாங்கன்னான்.”

“நீ என்னடி சொன்ன?”

“எங்க அப்பா வாயாலயே என் பேரை வாசிக்க வெக்கச் சொல்றியா, என்னைப் பாத்து வளர்ற பிள்ளைங்க இருக்குன்னு சொன்னேன்.”

“அதுக்கு?”

“உன்னைப் பாத்து ஒருத்தரும் வளரல, அவங்க பாட்டுக்கு வளர்றாங்கன்னுட்டுப் போயிட்டான்.”

போனவன் தூரத்தில் பாத்தாம் என்ற தீவில் வேலை தேடிக்கொண்டு, அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டான்.

மறு வருடம் தங்கை லாஸ்மா ஜோங்கி என்ற பையனோடு ஓடிப்போனாள். தியார்மா எந்த அவமானத்துக்குப் பயந்தாளோ அது வீட்டுக்கு வரத்தான் செய்தது. அப்பா நடுங்கும் குரலில் சின்ன மகள் பெயரை வாசித்தார். “தலைவின்னு பேரு, சொந்தத் தங்கச்சியப் பாத்துக்கத் தெரியல” என்று மாதர் சங்கம் தியார்மாவைத்தான் கரித்துக் கொட்டியது. ஓடிப்போனவர்கள் கைக்குழந்தையோடு திரும்பி வந்து சபை முன் நின்றார்கள். எல்லாரும் அழுதோம், பன்னிக்கறி விருந்து தின்றோம். அக்காளைத் தாண்டித் தங்கை கல்யாணம் முடித்தால் அக்காளுக்கு ஒரு சால்வை போடுவது எங்கள் வழக்கம். அதையும் போட்டார்கள். நானாக இருந்தால் ஏரியில் வீசியிருப்பேன். அவள் மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

அதன்பின் அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், இருவரையும் அடக்கம் செய்தாள். பாலிகே சந்தையில் கருவாடு விற்றுத் தம்பியைப் படிக்க வைத்தாள். பெண் கேட்டு வந்த ஒன்றிரண்டு பேரும் வீட்டில் படுத்துக் கிடந்த அப்பாவைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஜோங்கி இன்று சபை மூப்பர். பொறுப்பான இளமை எப்படி இருக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்கு வகுப்பெடுப்பதே அவர்தான்.

போன மாதம் தியார்மா அவரிடம் போனாள். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

“மாப்பிள்ளை, என்னை மாதர் சங்கத்துக்கு மாத்திவிடுங்க. பிள்ளைங்க என்னைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு ஒரு வார்த்தை பேச முடியாம நெளியுதுங்க.”

“எனக்கு ஆசைதான் மதினி. ஆனா ஒழுங்குன்னு ஒண்ணு இருக்கே. கல்யாணம் ஆகாம எப்படிச் சேக்குறது?”

“முழங்கால் வலிக்குது. அந்தப் பெஞ்சுல சாயக்கூட இடமில்ல.”

“மனசு இன்னும் இளமையா இருக்குன்னு சந்தோஷப்படுங்க” என்று அவர் சிரித்தார். அறைந்திருப்பேன். மூப்பராயிற்றே என்று நின்றேன்.

எங்கள் வழக்கத்தில் கல்யாணமாகாமல் செத்தால் அது சின்னப்பிள்ளைச் சாவுதான். மேளம் இல்லை, மாதர் சங்கம் சுற்றி நின்று பாடுவதும் இல்லை. திரும்பி வரும்போது அவள் சொன்னாள், “தோர்லான், எழுவது வயசுல செத்தாலும் எனக்குப் பனியன் மாட்டித்தான் புதைப்பாங்க போல.” சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

வாலிபர் ஞாயிறு வந்தது. ஜோங்கி பீடத்தில் நின்று, “நம்ம பிள்ளைங்களுக்கு இவங்கதான் முன்மாதிரி. இளமையக் கர்த்தருக்குப் பிரியமா எப்படி அனுபவிக்கணும்னு மதினி வந்து சாட்சி சொல்வாங்க” என்றார். அவளிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தியார்மா எழுந்து முன்னால் போனாள். அறிக்கை செய்பவர்கள் நிற்கும் இடத்தில் போய் நின்றாள்.

“எங்கிட்ட சாட்சி இல்ல. அறிக்கைதான் இருக்கு. இங்க நின்னு பாவத்தச் சொன்னவங்கள நீங்க சேத்துக்கிட்டீங்க. என் தங்கச்சியச் சேத்தீங்க, மாப்பிள்ளையச் சேத்து மூப்பராவும் ஆக்குனீங்க. எம்பாவத்தையும் சொல்றேன். சாவோர் கூப்பிட்டப்ப நான் போகல. அத மன்னிச்சு என்னையும் பெரியவளா மாதர் சங்கத்துல சேத்துக்குங்க.”

பெஞ்சில் பிள்ளைகள் சிரித்தார்கள், வேடிக்கை என்று நினைத்துக் கை தட்டவும் செய்தார்கள். லாஸ்மா தோள்துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள். போதகர் ஜோங்கியைப் பார்த்தார். இப்படி ஒரு பாவத்துக்கு எங்கள் ஒழுங்கில் விதி இல்லை. ஜோங்கி தொண்டையைச் செருமிக்கொண்டு, “வாலிபர் சங்கம் எழுந்து பாடவும்” என்றார்.

அவள் போய்த் தன் இடத்தில் நின்று பாடினாள். ஒரு சுரம்கூடப் பிசகவில்லை. அதைத்தான் என்னால் தாங்கவே முடியவில்லை.