சஹனில் ஐந்தாவது ஆள்

தொண்டி சுஐபுக்கு ஐம்பது வயதுக்கு மேல் ஒரு ஞானம் பிறந்தது. வளைகுடாவில் யாரோ ஒரு முதலாளியின் காரை ஓட்டி ஓய்ந்து ஊர் திரும்பியவர், கைப்பேசியில் ஒரு பேச்சாளரைக் கேட்டுவிட்டார். வளர்ச்சி சின்னச் சின்ன அடையாளமாகத்தான் வரும், அன்றாடம் கவனித்துக்கொண்டே இரு என்றான் அந்தப் புண்ணியவான். சுஐபு கவனிக்கத் தொடங்கினார். வேலை இல்லாதவருக்கு இதைவிட நல்ல வேலை ஏது?

டீக்கடைக் காளிதாஸ், அவர் உட்காரும் முன் பெஞ்சைத் துடைத்தார். ஒரு படி ஏறியாயிற்று. சற்றுமுன் பெஞ்சில் காக்கை உட்கார்ந்துவிட்டுப் போனது சுஐபு கண்ணில் படவில்லை. தன்னைக் கவனிப்பவனுக்குக் காக்கையைக் கவனிக்க நேரமேது? தெருநாய் அவரைப் பார்த்துக் குரைக்கவில்லை. இன்னொரு படி. இவற்றையெல்லாம் மனைவி உம்மு ஹபீபாவிடம் ஒப்பிப்பார். அந்த அம்மாள் மீன் அலசியபடி "ம்" என்பார். அது இவருக்கா மீனுக்கா என்று சொல்ல முடியாது.

ஆனால் பெரிய அடையாளம் தென்பட்டது சஹனில்தான். அந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் நெய்ச்சோற்றையும் கறியையும் ஒரே பெரிய தட்டில் குவித்து, ஐந்து பேர் சுற்றி அமர்ந்து உண்பார்கள். அந்தத் தட்டுதான் சஹன். பெரியவன் சின்னவன் என்ற பேச்சே கூடாது என்று முன்னோர் கண்ட வழி. சுஐபு அதற்கும் மாடி கட்டினார். முதலில் வாசலோரம் விடலைகளோடு உட்கார்ந்தவர், பிறகு ஆட்டோக்காரர்களோடு, பிறகு கடை முதலாளிகளோடு, இப்போது சில கல்யாணங்களாக ஊர்ப் பெரியவர்கள் நால்வரோடு உட்கார்ந்தார். அதுவும் கையைப் பிடித்து அழைத்துப்போய் உட்கார வைக்கிறார்கள். சும்மாவா?

ஆகவே, அக்காள் மகள் லாமியாவுக்கு நிக்காஹ் குறித்ததும், இரண்டு சாட்சிகளில் தாம் ஒருவர் என்று அவராகவே தீர்மானித்துக்கொண்டார். மாமன்காரன், அதற்கு மேல் பெரியவர்கள் சஹன். அதற்கென்றே சட்டையும் தைத்தார். அக்காள் கணவர் மஹ்மூது வந்து கேட்பார் என்று காத்திருந்தார். மஹ்மூது வந்தார், பாத்திரம் வாடகைக்கு எங்கே கிடைக்கும் என்று கேட்டுவிட்டுப் போனார்.

கல்யாண நாளில் பகல் விருந்து, பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பின் நிக்காஹ். சுஐபு கை கழுவப் போனபோது படுதாவுக்கு அந்தப் பக்கம் மஹ்மூதின் தம்பி இர்பான் பந்திக்கு ஆள் பிரித்துக்கொண்டிருந்தார். பெரியவர்களோடு ஐந்தாவதாக யாரைப் போடுவது என்று யாரோ கேட்டது காதில் விழுந்தது. சுஐபு நெஞ்சை நிமிர்த்தினார்.

"இது ஒரு கேள்வியா? சுஐபு மச்சானைப் போடு. அந்த நாலு பேருக்கும் சுகரு, ரெண்டு வாய் தின்னுட்டு எந்திரிச்சிருவாங்க. இவரு உக்காந்தா ஒரு பருக்கை மிஞ்சாது. எல்லாக் கல்யாணத்துலயும் அதுக்குத்தானே போடுறோம்."

மாடி மொத்தமும் தலையில் இடிந்து விழுந்தது. ஆனாலும் போய் உட்கார்ந்தார். சோற்று மலையின் உச்சியில் ஆட்டுக்கால் அவரையே பார்த்தது. பெரியவர்களைப் போலவே இரண்டு வாய் உண்டார், எழுந்துவிட்டார். சஹன் மலையாகவே திரும்பிப் போனது.

மஹ்மூது ஓடி வந்தார். பெண்ணின் மாமன் கல்யாண வீட்டில் சோற்றை ஒதுக்கினான் என்றால், சாயங்காலத்துக்குள் தேவிபட்டினம் வரை பேசுவார்கள். என்ன குறை என்று கேட்டார். சுஐபு பதில் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் ஆட்டுக்காலைக் கேட்டுவிடுவோமோ என்ற பயம். மஹ்மூதுக்கு அது கோபமாகத் தெரிந்தது.

"சாட்சிக்கு நீயே உக்காரு மாப்ள. சாட்சிக்குச் சொல்லிவச்சிருந்த இஃப்திகார்ட்ட நான் பேசிக்கிறேன்."

அப்படித்தான் சுஐபு பெரிய மனிதரானார். இமாம் குத்பா என்னும் நிக்காஹ் உரையை ஓதும்போது சாட்சியின் வயிறு உரக்க ஒரு கருத்துச் சொன்னது. இமாம் ஒரு கணம் நிறுத்தி, பிறகு தொடர்ந்தார்.

கையெழுத்துப் போட்ட கையோடு கொல்லைப்புறம் போய்ச் சமையல்காரர் கனியிடம் ஏதாவது இருக்கிறதா என்று மெல்லக் கேட்டார்.

"எல்லாம் தீந்துபோச்சுண்ணே. பெரியாளுக சஹன் ஒண்ணுதான் தொடாத மாதிரி திரும்பி வந்துச்சு. எந்தப் புண்ணியவாளனோ."

கவிழ்த்துப்போட்ட அண்டாவின் மேல் உட்கார்ந்து, நெய் உறைந்த அந்தச் சோற்றைச் சுஐபு அள்ளத் தொடங்கினார். பெண்கள் பக்கத்திலிருந்து வந்த உம்மு ஹபீபா இடுப்பில் கை வைத்துச் சற்று நேரம் பார்த்தார்.

"இது எத்தனாவது படிங்க?"

ஆட்டுக்கால் எலும்பை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சுஐபு யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.

"ஒரு முழுச் சஹனுக்கு ஒத்தை ஆளா உக்காந்திருக்கேன். இதுக்கு மேல படி ஏது புள்ள?"