கிழங்கு மசியலில் ஒரு ரஷ்ய ஊர்

முதியோர் இல்லத்தில் சாப்பாடு தீத்துகிற வேலையில் தட்டைத் தூக்குவது லேசு, வாயைத் திறக்க வைப்பதுதான் பாடு. எழுபதுகளில் சிட்னியில் என்னோடு அந்தப் பாடு பட்டவர்களுக்கு நான் சொல்லவா வேண்டும்!

மூடிய வாய்

ரைசா அம்மா ரஷ்யாக்காரி. புருஷன் போன பிறகு சாப்பாட்டை வெறுத்துவிட்டா. வெள்ளிக்கிழமை நிறுக்கும்போது இன்னும் மெலிந்திருந்தால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி மூக்கால் குழாய் விடுவார்கள் என்று இல்லத்துக்குப் பொறுப்பான மேட்ரன் சொன்னா. அனுப்ப விடுகிறதில்லை என்று பிள்ளையாரை நினைத்துக்கொண்டு பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன்.

"உங்கட ஊர் எப்பிடி அம்மா?"

"சின்னது. நடுவில ஆறு."

கிழங்கு மசியலைப் பரப்பி, நடுவே வாய்க்கால் கீறி, கிரேவியை ஊற்றிக் காட்டினேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு மனிசிக்குக் கோபம் வந்தது.

"வலக்கரை மேடு, விசரி! சந்தையைத் தண்ணிக்குள்ள விட்டிட்டியே!"

சனத்தொகை

அடுத்த நேரச் சாப்பாட்டில் வலக்கரையைக் குவித்தேன். பீன்ஸ் எல்லாம் ஊருக்கு வெளியே காடு. வீட்டுக்கு ஒரு கரண்டி என்று தொடங்கினோம்: மாவுக்கடைக்காரன், மரம் அரிகிறவன், வாத்தியார். ஊரில் சனம் கொஞ்சம் என்றா. சனம் முடிந்தால் கரண்டியும் முடிந்துவிடுமே! விடாமல், "வாத்தியாருக்குப் பிள்ளைகள் இல்லையோ? மாமியார்?" என்று கேட்டுக்கேட்டுத் தீத்தினேன்.

"மாமியாருக்குப் பெரிய கரண்டி வேண்டாம், அவ பொல்லாதவ."

தாத்தார் தெரு

ஒருநாள் பன்றி இறைச்சி வந்தது. நான் சைவம், முள்ளுக்கரண்டியால் தெருக்கோடியில் தள்ளி வைத்தேன். ரைசா அம்மா அதை அவசரமாய் எடுத்துச் சந்தைப் பக்கம் போட்டா. அந்தக் கோடியில் இருப்பவர்கள் தாத்தார்கள், முஸ்லிம்கள், பன்றி தொடமாட்டார்களாம்.

"நானும் தொடமாட்டன் அம்மா."

"அப்ப உனக்கும் அந்தத் தெருவிலதான் வீடு பார்க்கவேணும்."

பாலமில்லாத ஆறு

வெள்ளிக்கிழமை இடக்கரை அப்படியே கிடந்தது. அங்கேதான் அந்த மாவட்டத்துக் கிராமங்கள் எல்லாம். பாலம் கிடையாது, பனிக்கட்டி உடைகிற காலத்தில் ஒருவரும் கடக்கமாட்டார்களாம். வாய் இறுக மூடிவிட்டது. நான் பாணில் ஒரு துண்டைப் பிய்த்துக் கிரேவியில் மிதக்கவிட்டு, "தோணி வந்திட்டுது, ஏறுங்கோ" என்றேன். மனிசி தோணியையே கேட்டு வாங்கிச் சாப்பிட்டா.

தராசில் ஏற்றினோம். மேட்ரன் இரண்டு தரம் பார்த்துவிட்டு, "குறையேல்லை. ஆஸ்பத்திரிக்கு அனுப்பத் தேவையில்லை" என்றா.

ரைசா அம்மா அவவை முறைத்தா.

"எப்பிடி அனுப்புவாய்? அக்கரையில இன்னும் எவ்வளவு கிராமம் கிடக்கு!"

என் பிள்ளைகளுக்குச் சோறு தீத்த ஒரு காகம் போதுமாயிருந்தது. ரைசா அம்மாவுக்கு ஒரு மாவட்டமே தேவைப்பட்டது.