யோகமலரின் பிறப்பிடம்

பேராசிரியர் யோகமலர் காலமான செய்தி எனக்கு ஒரு கேள்வியோடு சேர்ந்தே வந்தது. ரொறன்ரோவின் டோர்செட் பார்க் பகுதியில் மீன்கடை வரிசையில் நின்றிருந்தேன். எங்கள் தமிழ்ச் சங்கத்தின் செயலாளர் அழைத்தார்.

"அண்ணை, யோகா மிஸ் மோசம் போயிட்டா. விடிய ஆஸ்பத்திரியிலயாம். நோட்டீஸ் அடிக்கோணும். அவவுக்கு ஊரில எவடம்?"

கண் கலங்கியது உண்மை. கலங்கிய கண்ணோடு ஊரின் பெயரைச் சொன்னதும் உண்மை. மாலைக்குள், எங்கள் வழக்கப்படி, இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் ரொறன்ரோவை வதிவிடமாகவும் கொண்டவர் என்று மரண அறிவித்தல் எல்லாருடைய கைப்பேசிக்கும் போய்விட்டது. அந்த ஊரை இங்கே நான் எழுதப்போவதில்லை.

அவரோடு பழகியவர்களுக்குத் தெரியும், அவர் தன் ஊரை யாருக்கும் சொன்னதில்லை. கேட்டால் "பார்க்டேல்" என்பார். அகதியாக வந்து முதலில் குடியிருந்த இடம் அது. "அதுக்கு முதல்?" என்று விடாமல் கேட்டால், "அதுக்கு முதல் பிளேனில இருந்தனான்" என்பார். சனம் சிரிக்கும், ஆனாலும் விடாது. எங்களில் எவடம் என்று கேட்பது பெரும்பாலும் சாதியை அறியத்தான். கேட்பவருக்கும் அது தெரியும், கேட்கப்படுபவருக்கும் தெரியும்.

பல்கலைக்கழகத்தில் அவர் கற்பித்தது குடிவரவுச் சட்டமும் இனப் பாகுபாடும். விமான நிலையத்திலும் அகதி விசாரணையிலும் எங்கள் நிறத்தவரிடம் கேட்கும் கேள்விகளை ஏன் மற்றவர்களிடம் கேட்பதில்லை என்பதே அவருடைய வாழ்நாள் ஆய்வு. "கேக்கிறவைக்கு எங்கட பதில் முக்கியமில்லை. எங்களை எங்க வைக்கிறதெண்டு பாக்கத்தான் கேக்கினம்" என்பார். வெள்ளைக்காரரைப் பற்றி அவர் அப்படிப் பேசிய காலமெல்லாம் நாங்கள் கை வலிக்கத் தட்டினோம்.

நான் அகதி விசாரணைகளில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன். ஆய்வுக்காக அவர் வந்து அமர்ந்த ஒரு விசாரணை. உள்ளே போகுமுன் நடைபாதையில், அகதி அந்தஸ்துக் கேட்டு வந்த இளைஞனோடு பேச்சுக் கொடுத்தேன். "தம்பி எவடம்?" சொன்னான். அதன்பின் என் குரல் மாறியது எனக்குத் தெரியவில்லை, அவருக்குத் தெரிந்துவிட்டது. விசாரணை முடிந்து வெளியே வந்ததும் கோபமில்லாமல் கேட்டார்: "அண்ணை, உள்ளுக்க அவை கேட்ட கேள்வியளை நான் எழுதுவன். வெளியில நீங்கள் கேட்டதை எங்க எழுதிறது?"

பிறகு அதையும் எழுதினார். எங்களவர் ஊரிலிருந்து தூக்கிக்கொண்டு வந்த பாகுபாட்டைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை. சங்கம் கொதித்துப் போனது. "வெள்ளைக்காரனுக்கு முன்னால எங்கட ஊத்தையைக் கழுவுறா" என்றார்கள். அவருக்கென்று ஏற்பாடாகியிருந்த பாராட்டு விழா, மண்டபம் கிடைக்கவில்லை என்ற சாட்டில் நின்றுபோனது. ரொறன்ரோவில் மண்டபத்துக்கா பஞ்சம்!

எவடம் என்ற அந்தக் கேள்வியை நான் அவரிடம் மட்டுமல்ல, எவரிடமும் கேட்பதை விட்டேன். பல வருடங்களுக்குப் பிறகு, ஒரு பனிக்காலத்தில், நகரின் ஓரத்தில் ரூஜிலுள்ள அவர் வீட்டுக்கு அவரைக் காரில் கொண்டுபோய் விட்டேன். இறங்காமல் இருந்து தன் ஊரைச் சொன்னார். "நீங்கள் கேக்காமல் விட்டதால சொல்லுறன்" என்றார். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் தண்ணீர் கேட்ட வீட்டில், "எவடம் பிள்ளை?" என்று கேட்டறிந்த பிறகுதான் வீட்டுப் பேணியிலா, புறம்பாக வைத்த குவளையிலா கொடுப்பது என்று தீர்மானித்தார்களாம். "சட்டம் படிக்கோணுமெண்டு அண்டைக்குத்தான் நினைச்சனான். சட்டமெண்டால் என்னெண்டே தெரியாத வயசு" என்று சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

அப்படி என்னை நம்பிச் சொன்னதைத்தான் மீன்கடையில் நின்று கொடுத்தேன். செயலாளர் வற்புறுத்தவில்லை. "தெரியாது" என்றிருந்தால் இடத்தை வெறுமையாக விட்டிருப்பார். வாய்ப்பழக்கம் என்று சொல்லலாம். ஆனால் உண்மை வேறு. மற்றவர்களுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும் என்ற சின்னப் பெருமை, துக்கத்தின் நடுவிலும் எட்டிப் பார்த்தது.

உடலைப் பார்வைக்கு வைத்த அன்று வரிசையில் எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள் குசுகுசுத்தார்கள். "உவ அந்தப் பக்கமோ? இவ்வளவு காலமும் தெரியாமல் போச்சே." தளர்ந்து தெரிந்த அவருடைய மகள் ஆரணி என் கையைப் பிடித்தாள். இங்கே பிறந்த பிள்ளை.

"அங்கிள், அம்மா அதை ஒருத்தருக்கும் சொல்லேல்லையே. நோட்டீஸுக்கு ஆர் குடுத்தது? ஐ ஜஸ்ட் வாண்ட் டு நோ."

"தெரியேல்லைப் பிள்ளை" என்றேன்.

"பரவாயில்லை அங்கிள். நீங்கள் அழாதேங்கோ" என்றாள்.

ஆரணி, உனக்குத் தமிழ் வாசிக்கக் கஷ்டம். யாராவது இதை உனக்கு வாசித்துக் காட்டட்டும். கொடுத்தவன் நான். உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணிவு வரவில்லை. உன் அம்மாவை அறிந்த எல்லோரும் வாசிக்க எழுதிவிட்டால் இனிப் பின்வாங்க முடியாது. அவருடைய நூல்கள் நூலகத்தில் இருக்கும், மாணவர்கள் நீதிமன்றங்களில் இருப்பார்கள். என்னிடம் அவர் விட்டுப்போனது இந்த வெட்கம் ஒன்றுதான். அவரைச் சந்திக்குமுன் நான் எத்தனையோ பேரிடம் எவடம் என்று கேட்டிருக்கிறேன். ஒருநாளும் எனக்கு வெட்கமாக இருந்ததில்லை.