தூணுக்குப் பின்னால் நின்ற அக்கார்டியன்

நான் செய்த தவறை என் நண்பன் தலையில் கட்டினேன். அதனால் அவன் மேடையை இழந்தான். எழுபது வயதைத் தாண்டிய பிறகுதான் இதை எழுத வருகிறது.

இளவயதில் புதுச்சேரியில் நாங்கள் ஒரு இசைக்குழு வைத்திருந்தோம். அவன் அக்கார்டியன் வாசித்தான். கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்த நான் பாட்டெழுதினேன். கடற்கரை அருகே, பிரெஞ்சுக்காரர் கட்டிய பழைய நடன மண்டபத்தில், ஒரே மைக்கை வைத்து ஒரு இசைத்தட்டு முழுவதையும் பதிவு செய்தோம். அக்கார்டியன் சத்தம் மற்றதையெல்லாம் விழுங்கிவிடும் என்று அவனைத் தடித்த தூண் ஒன்றின் பின்னால் நிறுத்தினோம். அங்கிருந்து பாடகர் தெரியமாட்டார். இருவரும் தெரியும் இடத்தில் நான் நின்று, அவன் நுழைய வேண்டிய நேரத்தில் கையை உயர்த்த வேண்டும். பதிவில் எனக்கிருந்த ஒரே வேலை அதுதான்.

கடைசிப் பாட்டில் பாடகர் என் வரியைப் பாடிய அழகில் சொக்கிக் கண்ணை மூடிவிட்டேன். திறந்தால் மண்டபமே மௌனமாக இருந்தது. பதறிக் கையைத் தூக்கினேன். அவன் வாசித்தான். மறுபடி பதிவு செய்ய நாடா மிச்சமில்லை.

"இன்னாடா ஆச்சு?" என்று பாடகர் கத்தினார். குழுவுக்குத் தலைவரும் அவர்தான்.

"நான் கையத் தூக்கினுதான் நின்னேன். இவன் தூங்கிட்டான்ணே."

"கண்ண மூடினு நின்னது இவன்ணே!" என்றான் நண்பன்.

"வாத்தியார் பொய் சொல்வானாடா?" என்றார் பாடகர்.

அத்தோடு அவனைக் குழுவிலிருந்து நீக்கினார். அவன் அப்பாவைப் போலவே பஞ்சாலை வேலைக்குப் போனான். 'தூங்குமூஞ்சி' என்ற பட்டமும் கூடவே போனது.

இசைத்தட்டோ ஊரெல்லாம் ஓடியது. இரண்டாயிரத்துக்குப் பிறகு, அதில் பைத்தியமான சில இளைஞர்கள், அதே மண்டபத்தில் அதே வரிசையில் எல்லாப் பாட்டையும் வாசிக்கப்போவதாக என்னை அழைத்தார்கள். ஒத்திகைக்குப் போனேன். கடைசிப் பாட்டில் அந்த மௌனத்தையும் பிசகாமல் வாசித்தார்கள், அதாவது வாசிக்காமல் இருந்தார்கள்.

"அந்த கேப்புதான் சார் ஹைலைட்டே! எப்டி சார் யோசிச்சீங்க?" என்றான் கிட்டார்காரன்.

எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மறுநாளே மூலக்குளத்தில் இருந்த நண்பன் வீட்டுக்குப் போனேன்.

கதவைத் திறந்த அவன் மனைவி, "யோவ் தூங்குமூஞ்சி, உன்னப் பாக்க யாரோ வந்துகிறாங்க" என்று குரல் கொடுத்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனார். கல்யாணத்துக்கு முன்பே ஒட்டிக்கொண்ட பட்டம்; அவருக்கும் அதுவே வழக்கம்.

நான் தணிந்த குரலில் மன்னிப்புக் கேட்டேன்.

"இன்னாத்துக்குக் குசுகுசுன்னு பேசுற? நீ பண்ணது எனக்குத் தெரியாதா? ஊருக்குல்ல தெரியணும். மைக்குல சொல்லு. நான் வந்து வாசிக்கிறேன். நீ தூணாண்ட நில்லு. இந்த வாட்டி கண்ணத் தொறந்துகினு."

அந்தப் பாட்டுக்கு மட்டும் அவனைச் சேர்த்துக்கொள்ள இளைஞர்கள் சந்தோஷமாகச் சம்மதித்தார்கள்.

நிகழ்ச்சியன்று மைக்கில் நடந்ததை நடந்தபடி சொன்னேன். மண்டபம் சிரித்தது. பெரியவர் தன்னடக்கத்தோடு ஜோக் அடிக்கிறார் என்று கைதட்டினார்கள். ஒருவர்கூட நம்பியதாகத் தெரியவில்லை. முன்வரிசையில் அவன் மனைவி மட்டும் சிரிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாட்டு தொடங்கியது. அவன் தூணுக்குப் பின்னால், கட்டிலடியில் கிடந்த பழைய அக்கார்டியனோடு நின்றான். என் வரி வந்தது. நன்றாகத்தான் எழுதியிருந்தேன், ஆனாலும் இமைக்கவில்லை. சரியான இடத்தில் கையை உயர்த்தினேன். அவன் நுழைந்தான். மௌனத்துக்குக் காத்திருந்த டிரம்ஸ் பையன் திடுக்கிட்டுக் குச்சியைத் தவறவிட்டான். எப்படியோ எல்லோரும் அக்கார்டியனைத் துரத்திப் பிடித்தார்கள்.

"ரெக்கார்டுல இப்டி இல்லியே சார்!" என்று கிட்டார்காரன் முகம் வாடினான்.

"ரெக்கார்டுல இருக்கறது தப்பு தம்பி."

அவன் பாதிதான் நம்பினான். நண்பன் என்னிடம் "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி மட்டும் சொல்லிவிட்டு அக்கார்டியனைப் பெட்டிக்குள் வைத்தான். மன்னித்தானா என்று நான் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூலக்குளத்துக்குப் போனேன். அவன் மனைவிதான் கதவைத் திறந்தார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"ஏங்க, தூங்குமூஞ்சி வந்துகிறாரு!"